கடைசி வீட்டுக் குழாய்

செட்டிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள மாளிகைகளைப் பற்றியே பேசுவது வழக்கம். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடித் தளம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு ஆகியவற்றைப் பற்றி நேயர்கள் வேண்டிய மட்டும் படித்திருப்பார்கள். ஆகவே நாம் அவற்றின் பக்கம் போகப் போவதில்லை. சென்ற முறை நாம் அப்பிரதேசத்துக்குச் சென்றிருந்தபோது நம் கருத்தைக் கவர்ந்தது, அத்தகைய மாளிகை ஒன்றின் முன்வாசலில், திண்ணையை ஒட்டி முளைத்திருந்த ஒரு குழாய்தான்.

அந்தக் குழாய் அப்படி என்ன அதிசயத்தைச் செய்தது என்று கேட்பீர்கள். ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் அதன் விசேஷம்.

காரைக்குடியிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள ஊர் அது. பொழுது இன்னும் விடியவில்லை. வீட்டுக்கார ஆச்சி குழாயைத் திறந்து, அதன் கீழே ஒரு பித்தளைக் குடத்தை வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். குழாய் சிறிது நேரம் சீறியது. பிறகு இரண்டு முறை இருமியது. பிறகு மௌனமாகி விட்டது. வீதியின் தலைப்பில் எங்கேயோ மோட்டார் ஓடும் சப்தம் மட்டும் கேட்டது.

"இன்னிக்கும் காத்துதான்" என்றார் ஆச்சி. "வாங்க, தண்ணி எங்கே இருக்குன்னு காட்டறேன்."

அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். வளவைத் தாண்டினோம், இரண்டாம் கட்டைத் தாண்டினோம், அடுப்பங்கரையைத் தாண்டினோம். செட்டிநாட்டு வீடுகள் ஒரு வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடிகிறவை என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். பின்வாசல் கதவைத் திறந்தார். பின்வீதித் தெருக்குழாயில் தண்ணீர் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பிடிக்க ஆள் இல்லை. அந்த வீதியில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்றால்தான் கதவு திறக்கும்.

"ஒரே டேங்குத் தண்ணிதானே ரெண்டு தெருவுக்கும்? பின்னாலே கொட்டுது. முன்னாலே ஏன் வரமாட்டேங்குது? நீங்கதான் பத்திரிகைக்காரங்களாச்சே, சொல்லுங்களேன்" என்றார் ஆச்சி.

நாம் பத்திரிகைக்காரராகவே இருந்தும் நமக்கு விடை தெரியவில்லை. குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அடுப்பங்கரை வரையில் சுமந்து வந்து வைத்தோம். ஊருக்குத் திரும்பியதும், நீரியலில் தேர்ந்த நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஆச்சியின் கேள்வியை அவர் மேல் ஏற்றினோம். இக்கட்டுரை அதன் விளைவாகும்.

கண்ணுக்குத் தெரிந்த தண்ணீர்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. செம்புரைக் கல்லும், கருவேல மரமும், ஆண்டுக்குச் சில வாரமே பெய்யும் மழையும்தான் அந்தச் சீமையின் சொத்து. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு மேட்டு நிலம் தேடி வந்தவர்கள் நகரத்தார் என்பது அவர்களுடைய மரபு வழிச் செய்தி. தண்ணீரால் விரட்டப்பட்டவர்கள் தண்ணீர் இல்லாத இடத்தில் வந்து குடியேறியதை விதியின் வேடிக்கை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஓட்டுக் கூரைகள் யாவும் உள்முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். பெய்த மழை முற்றத்தில் விழும். அண்டாவிலும் கிணற்றிலும் சேர்ந்தது போக, மிஞ்சிய நீர் ஊரின் வடிகால்கள் வழியே ஊரணிக்குப் போகும். ஒரு துளி எங்கே விழுந்து எங்கே போகிறது என்பதை வாசலில் நிற்கும் குழந்தைகூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இதற்கும் மேலான ஒரு வித்தையை அக்கம்பக்கத்துக் கண்மாய்களிலும் புதுக்கோட்டைச் சீமையின் ஏரிகளிலும் பார்க்கலாம். கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நீருக்கு நடுவில், இரண்டு கல் தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் கல்லால் கட்டிய ஒரு தொட்டி இருக்கும். குமிழித் தூம்பு என்று அதற்குப் பெயர். தொட்டியின் மேல்மூடியில் இருப்பது நீரோடித் துளை. கீழே, தரைமட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் இருப்பவை சேறோடித் துளைகள். மேல் துளையின் அடைப்பைத் தூக்கினால் நீர் வேகமாக இறங்கிச் சுரங்கக் கால்வாயில் பாய்கிறது. அந்த வேகமே அடியில் படிந்த சேற்றையும் இழுத்துக்கொண்டு போய் வயலில் சேர்த்துவிடுகிறது. ஏரியும் தூர்ந்து போகாது. வயலுக்கும் எரு கிடைக்கும். ஓடும் நீரின் குணத்தை அறியாத ஒருவன் இதைச் செய்திருக்க முடியாது. தூம்பு வைத்தவர்களின் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டுகள் அத்தூண்களில் பலவற்றில் இன்றும் இருக்கின்றன.

இந்தக் காலத்துத் தண்ணீர் வேறு விதமானது. காரைக்குடியில் சம்பை ஊற்று நீர் இருக்கிறது. அதன் சுவையைப் பற்றிக் காரைக்குடிக்காரர்களிடம் வாதிட நமக்குத் தைரியம் இல்லை. திருச்சிக்கு அருகில் காவிரி மணலிலிருந்து எடுத்த நீரைப் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் ஊர்களுக்கு நூறு மைலுக்கு மேல் குழாயிலேயே கொண்டு செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-இல் நிறைவேறியது. அதற்கு 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. காவிரியைப் பிரிந்து வந்தவர்களுக்குக் காவிரியே பின்னால் வந்து சேர்ந்தது! நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் பூமிக்குள்ளே ஓடுகிறது. எந்தக் குழாயில் எவ்வளவு போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் முறையிட்டால், பெரிய பம்பு வாங்குவோம் என்கிறார் ஒருவர். வீதியைத் தோண்டிப் பெரிய குழாய் போடுவோம் என்கிறார் மற்றொருவர். புதுத் தொட்டி கட்டுவோம் என்கிறார் மூன்றாமவர். மூன்றுக்கும் பணம் வேண்டும். மூன்றில் எது பலிக்கும் என்பது மட்டும் தோண்டிப் பார்த்த பிறகே தெரிகிறது.

இரண்டே விதிகள்

நம் நண்பர் ஆச்சியின் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "சரியான கேள்வி" என்றார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்.

மேல்நிலைத் தொட்டியில் நிற்கும் தண்ணீரின் பலம் அதன் உயரந்தான். தொட்டியின் நீர்மட்டம் வீட்டுக் குழாயைவிட 15 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தக் குழாயில் 15 மீட்டர் அழுத்தம் இருப்பதாகச் சொல்லுகிறார்கள். ஆனால் இது தண்ணீர் அசையாமல் நிற்கும்போதுதான். ஓட ஆரம்பித்தவுடன் குழாயின் உட்சுவரில் உராய்ந்து உராய்ந்து தன் பலத்தைச் செலவழித்துக்கொண்டே போகிறது. சந்தைக்குப் போகிறவன் வழிநெடுகச் சுங்கம் கொடுத்துக்கொண்டே போவதைப் போல. கடைசி வீட்டை அடையும்போது கையில் என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி. மாடியில்லாத வீட்டுக்குக் குறைந்தது 7 மீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்த விதி.

இந்தச் சுங்கம் நியாயமான சுங்கம் அன்று. ஓடும் நீர் இரண்டு மடங்கானால் உராய்வினால் வரும் இழப்பு இரண்டு மடங்காவதில்லை. ஏறக்குறைய மூன்றரை மடங்காகிறது. குழாயின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்து அதே நீரை அனுப்பினாலோ, இழப்பு சுமார் 29 மடங்கு! நான்கங்குலக் குழாய்க்குப் பதிலாக இரண்டங்குலக் குழாய் போட்டுக் காசை மிச்சம் பிடித்தோம் என்று மகிழ்கிறவர்கள் இந்த 29-ஐச் சற்று நினைத்துப் பார்ப்பது நலம். வில்லியம்ஸ், ஹேசன் என்ற இரு அமெரிக்க எஞ்சினீயர்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த சூத்திரத்திலிருந்து கிடைப்பவை இந்த எண்கள்.

ஒரே குழாயாக இருந்தால் இதைப் பள்ளிக்கூடத்துப் பையனும் போட்டுவிடலாம். ஓர் ஊரில் ஆயிரம் குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு பிரியும்? இதற்கு இரண்டே விதிகள் போதும். ஒரு சந்திப்புக்குள் வந்த தண்ணீர் முழுவதும் அங்கிருந்து வெளியே போயாக வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எந்த வழியாகப் போனாலும் மொத்த இழப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும். விதிகள் சுலபம். அவற்றை எல்லாச் சந்திப்புக்கும் எல்லா வழிக்கும் ஒருங்கே பொருந்தச் செய்வதுதான் கஷ்டம்.

1936-இல் ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்தார். முதலில் ஏதோ ஓர் உத்தேச எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். அது தப்பாகத்தான் இருக்கும். எவ்வளவு தப்பு என்று கணக்கிட்டு அதைத் திருத்துங்கள். திருத்தியதும் பக்கத்து வீதிக் கணக்கு கெட்டுப்போகும், அதைத் திருத்துங்கள். இப்படியே சுற்றிச் சுற்றித் திருத்திக்கொண்டு வந்தால் தப்பு சிறுத்துச் சிறுத்து மறைந்துவிடும். பெரிய ஊருக்கு இதைக் கையால் போட நாட்கள் பிடிக்கும். ஒரு குழாயின் விட்டத்தை மாற்றினால் மறுபடியும் ஆதியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பொறுமை மனிதருக்கு இல்லை; யந்திரத்துக்கு உண்டு. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிலையத்தில் லூயிஸ் ராஸ்மன் என்பவர் ஆக்கிய 'எபாநெட்' என்ற கம்ப்யூட்டர் நிரல் 1993-இல் வெளிவந்தது. இக்கணக்கையெல்லாம் அது கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறது. காலை ஐந்து மணிக்கு என்ன, ஆறு மணிக்கு என்ன என்று ஒரு நாள் முழுவதையும் ஓட்டிக் காட்டுகிறது. அதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இலவசமாக வருவதால் நம் ஊர்களில் அதற்கு மதிப்புக் குறைந்துவிட்டதோ என்று நமக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அயல்நாட்டுச் சரக்குத்தானா என்று நேயர்கள் வருந்த வேண்டாம். பம்பாய் ஐ.ஐ.டி.யார் 'ஜலதந்த்ரா' என்ற நிரலை ஆக்கி அதையும் இலவசமாகவே வழங்கியிருக்கிறார்கள். கிராமங்களின் குழாய்த் திட்டங்களில் எந்த வீதிக்கு எந்த விட்டத்தில் குழாய் போட்டால் செலவு மிகக் குறையும் என்பதை அது தேடிச் சொல்லுகிறது.

ஆச்சியின் வீதி

நம் நண்பர் ஆச்சியின் வீதியைத் தம் யந்திரத்தில் ஏற்றினார். உண்மை அளவுகள் நம்மிடம் இல்லாமையால், எளிமையாக ஒன்றை வைத்துக்கொண்டோம். தொட்டி நீர்மட்டம் 15 மீட்டர் உயரம். அங்கிருந்து நான்கங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஒரு கிலோமீட்டர் போகிறது. அதன் கோடியில் நூறு வீடுகள். ஒவ்வொரு வீடும் நிமிஷத்துக்கு 6 லிட்டர் பிடிக்கிறது. அதாவது ஒரு குடம் நிறைய இரண்டரை நிமிஷம்.

ஐம்பது வீடுகள் ஒரே சமயத்தில் திறந்தால் குழாயில் வினாடிக்கு 5 லிட்டர் ஓடும். வழியில் இழப்பு சுமார் 4.6 மீட்டர். கடைசியில் 10 மீட்டருக்கு மேல் மிஞ்சுகிறது. எல்லோருக்கும் பேஷாகத் தண்ணீர் வரும். நூறு வீடுகளும் திறந்தால் வினாடிக்கு 10 லிட்டர் ஓட வேண்டும். அதற்கு இழப்பு சுமார் 16½ மீட்டர். இருப்பதே 15 மீட்டர்! ஆகவே நூறு பேருக்கும் கிடைக்காது. முன்னால் இருப்பவர்களுக்கும் பள்ளத்தில் இருப்பவர்களுக்கும் கிடைக்கும். கடைசி வீட்டு ஆச்சிக்குக் காற்று கிடைக்கும்.

பரிகாரம் என்ன? ஒரு கிலோமீட்டரும் தோண்டி ஆறங்குலக் குழாய் போட்டால் இழப்பு 2.3 மீட்டராகக் குறையும். ஜோரான பரிகாரம், செலவும் ஜோர். நண்பர் அத்துடன் நிற்காமல் பின்வீதியைச் சேர்த்தார். பின்வீதியிலும் அதே நான்கங்குலக் குழாய், அதே தொட்டியிலிருந்து வருகிறது. வீடுகள் பூட்டிக் கிடப்பதால் பிடிப்பார் இல்லை. இரு வீதிகளின் கோடிகளையும் ஒரு குறுக்குச் சந்தின் வழியே சிறிய இணைப்புக் குழாய் ஒன்றால் சேர்த்தால் என்ன ஆகும்? 10 லிட்டரில் பாதி முன்வீதி வழியாகவும் பாதி பின்வீதி வழியாகவும் வரும். ஒவ்வொன்றிலும் 5 லிட்டர்தான். இழப்பு மறுபடியும் 4.6 மீட்டர். நூறு வீடுகளும் ஒரே சமயத்தில் திறந்தாலும் கடைசி வீட்டில் 10 மீட்டர் மிஞ்சுகிறது.

வீட்டு நீளத்துக்குப் போட்ட ஒரு குழாய் ஒரு கிலோமீட்டர் குழாயின் வேலையைச் செய்துவிட்டது! ஆச்சி தினந்தோறும் பின்வாசலிலிருந்து முன்கட்டுக்குக் குடம் சுமந்து வருகிறாரே, அதே வேலையைத்தான் அந்த இணைப்பும் செய்கிறது.

இது கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. உண்மையான ஊரில் மேடு பள்ளம் உண்டு. நடுவழியில் வீடுகள் உண்டு. ஆனால் யந்திரத்தில் ஒரு கோட்டைப் போட்டு அழிக்கக் காசு ஆகாது. வீதியில் போட்டு அழிக்க எவ்வளவு ஆகும் என்பதை வரி கட்டுகிறவர்கள் அறிவார்கள்.

நூறு வீடுகள் ஏன் ஒரே சமயத்தில் திறக்கின்றன என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரமே வருகிறது, அதனால் திறக்கின்றன. இருபத்து நான்கு மணி நேரமும் வருமானால் யாரும் விடியற்காலையில் விழித்துக்கொண்டு குடத்துடன் காத்திருக்க மாட்டார்கள். பத்து வீட்டில் திறந்திருக்கும்போது தொண்ணூறு வீட்டில் மூடியிருக்கும். அதே நான்கங்குலக் குழாய் அப்போது தாராளமாகப் போதும். தண்ணீர் போதவில்லை என்று நேரத்தைக் குறைக்கிறோம். நேரத்தைக் குறைப்பதால் எல்லோரும் ஒன்றாகப் பாய்கிறோம். ஒன்றாகப் பாய்வதால் குழாய் போதவில்லை. இந்தச் சக்கரத்தில் அகப்படாத ஊர் தமிழ்நாட்டில் அரிது.

இதற்குமேல் மோட்டார் வேறு. வீதித் தலைப்பில் ஒருவர் அரைக் குதிரைச் சக்தி மோட்டாரைக் குழாயிலேயே நேராகப் பொருத்தி இழுக்கிறார். அவரைக் கண்டு அடுத்த வீட்டார் பொருத்துகிறார். தன்னைக் காத்துக்கொள்ளத்தான் ஒவ்வொருவரும் செய்கிறார்கள். யாரையும் நாம் கொடியவர் என்று சொல்ல மாட்டோம். ஆனால் குழாயை உறிஞ்சும்போது அதனுள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்துபோகிறது. எங்கேனும் ஒரு பொத்தல் இருந்தால், அதன் வழியே வெளியே கசிய வேண்டிய தண்ணீருக்குப் பதிலாக, பக்கத்துச் சாக்கடை உள்ளே வருகிறது. பணம் கொடுத்து மின்சாரம் செலவழித்து வியாதியை வீட்டுக்குள் இறைத்துக்கொள்கிறோம்.

ஒரிஸ்ஸாவிலுள்ள புரி நகரில் 2021 ஜூலையில் நாள் முழுவதும் குழாயில் குடிநீர் வர ஏற்பாடாயிற்று. அங்கே சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகச் சென்று நீரைச் சோதித்துக் காட்டுகிறார்கள். மீட்டரையும் பார்த்து எழுதுகிறார்கள். நம் கோயம்புத்தூரில் இவ்வேலையை 2018-இல் சுயஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள்; அது பற்றி எழுந்த சர்ச்சையில் இப்போது நாம் இறங்கவில்லை. நம் எஞ்சினீயர்களுக்குத் தெரியாத மந்திரம் எதுவும் இக்கணக்கில் இல்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறோம்.

புறாக்கள் சொன்ன சாட்சி

தண்ணீர் வருகிறதா என்பதோடு, எப்பேர்ப்பட்ட தண்ணீர் வருகிறது என்பதையும் இந்தப் பாவனை ஓட்டம் காட்டும். இதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு.

அமெரிக்காவில் மிஸௌரி ராஜ்யத்தில் கிடியன் என்று ஒரு சிற்றூர். ஜனத்தொகை சுமார் 1,100. நம் செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றின் அளவு. 1993 நவம்பரில் தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறது என்று ஜனங்கள் முறையிட்டார்கள். ஊரார் நல்ல எண்ணத்துடன் வீதிக் குழாய்களையெல்லாம் வரிசையாகத் திறந்துவிட்டுக் கழுவினார்கள். சில நாட்களில் ஊரில் வயிற்றுப்போக்கு பரவியது. சுமார் 600 பேர் படுத்தார்கள். முதியோர் இல்லத்தில் ஏழு பேர் இறந்தார்கள்.

எங்கிருந்து வந்தது விஷம்? பூமிக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது? ஆராய்ச்சியாளர்கள் ஊரின் குழாய்களை எபாநெட்டில் ஏற்றி, கழுவிய நாளை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்கள். வீதிக் குழாய்களைத் திறந்த வேகத்தில் மேல்நிலைத் தொட்டி ஒன்றில் தேங்கிக் கிடந்த பழைய நீர் கீழே இறங்கி எந்த எந்த வீதிக்குப் போயிருக்க வேண்டும் என்று அது காட்டியது. முதல் நோயாளிகள் இருந்த பள்ளிக்கூடமும் முதியோர் இல்லமும் அந்த வழியிலேயே இருந்தன. அந்தத் தொட்டிக்குள் புறாக்களின் எச்சம் கலந்திருந்தது. ஊர்த் தண்ணீரில் அதுவரை குளோரின் சேர்ப்பதில்லை.

நம் வீதிகளிலும் மேல்நிலைத் தொட்டிகள் நிற்கின்றன. அவற்றின் மேல் புறாக்களும் உட்கார்ந்திருக்கின்றன. இதற்கு மேல் நாம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் நீர் வரும் வாயும் போகும் வாயும் ஒரே பக்கம் அமைந்துவிட்டால், புதுத் தண்ணீர் குறுக்கு வழியில் வந்து குறுக்கு வழியிலேயே போய்விடும். மற்ற மூலைகளில் பழைய தண்ணீர் நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். தொட்டிக்குள் நீர் எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க முன்னாளில் சிறிய மாதிரி கட்டிச் சாயம் ஊற்றிப் பார்க்க வேண்டும். புனேக்கு அருகே கடக்வாஸ்லாவிலும், சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய நம் பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கத்திலும் அணைகளையும் மதகுகளையும் அவ்வாறு சிறியதாகக் கட்டிச் சோதித்து வந்திருக்கிறார்கள். இப்போது அதையும் கம்ப்யூட்டர் செய்கிறது. உள்ளே ஒரு தடுப்புச் சுவரை எழுப்பினால் போதுமா, வாயை மறுபக்கம் மாற்ற வேண்டுமா என்பதைச் சிமெண்ட்டைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

யந்திரத்துக்குத் தெரியாதவை

இவ்வளவு புகழ்ந்த பிறகு அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எபாநெட் முதலில் வந்தபோது, குழாய்களில் எந்நேரமும் நீர் நிறைந்திருப்பதாகவே வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் அப்படித்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுவதையும், முதல் கால் மணி நேரம் காற்றை வெளியே தள்ளுவதையும் அதை ஆக்கியவர்கள் பார்த்ததில்லை போலும். அழுத்தம் குறைந்தால் வீட்டுக்குக் கிடைக்கும் நீரும் குறையும் என்ற எளிய உண்மையே 2020-இல் வந்த பதிப்பில்தான் அதில் சேர்ந்தது. காலிக் குழாய் நிறைவதைக் கணக்கிடுவது இன்னமும் ஆராய்ச்சிக்குரிய விஷயமாகவே இருக்கிறது. உலகத்தில் கோடிக்கணக்கானவர்களின் குழாய் அப்படித்தான் நிறைகிறது. ஆகவே இந்த ஆராய்ச்சியை நம்மைப் போன்ற தேசத்தார்தாம் செய்ய வேண்டும்.

இன்னொன்று துரு. புதுக் குழாயின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். பழைய இரும்புக் குழாய்க்குள் துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து சொரசொரப்பாகி, பாதி நீரைக்கூட அனுப்பாது. எவ்வளவு துரு என்று யந்திரத்துக்கு நாம்தான் சொல்ல வேண்டும். உலோகத்தின் அரிமானத்தை ஆராயும் பெரிய நிலையம் ஒன்று காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ஆம் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. அழகப்பர் பெயரால் ஓர் எஞ்சினீயரிங் கல்லூரியும் அருகில் இருக்கிறது. துருவை அறிந்தவர்களும் கணக்கை அறிந்தவர்களும் ஒரே ஊரில், ஒரே வள்ளலின் நிழலில் இருக்கிறார்கள்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சியாக உயர்ந்தது. கோட்டையூர், கண்டனூர் முதலிய அண்டை ஊர்களும் அதில் சேர்ந்தன. பலகைகளை மாற்றுவது ஒரு நாள் வேலை. தனித்தனியே கிடந்த குழாய்களை ஒரே ஊர்க் குழாயாக்குவது அப்படியன்று. எதை எதோடு இணைப்பது, எங்கே வால்வு வைப்பது, எந்த வீதி மேட்டில் இருக்கிறது என்பதை ஒப்பந்தக்காரர் வந்து கடப்பாரையைப் போடும் முன்பே யந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, அந்தக் கணக்கை ஊரார் பார்க்க வெளியிட வேண்டும் என்று கேட்பது அதிகமாகாது.

ஆனால் கணக்குக்குக் குழாய்ப் படம் வேண்டும். அதைத் தேடித்தான் நாம் ஆச்சியின் ஊருக்கு மறுமுறை போனோம். படம் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, முப்பது வருஷமாக அந்த ஊரில் தண்ணீர் திறந்துவிட்டு வந்து, சமீபத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைக் காட்டினார்கள். படம் அவர் தலைக்குள் இருந்தது.

பெரியவர் நம்மைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். ஒரு குச்சியை எடுத்துச் செம்மண்ணில் தொட்டியை வட்டமாகப் போட்டார். அதிலிருந்து முன்வீதி, பின்வீதி, கோயில் வீதி, பள்ளிக்கூடச் சந்து என்று கோடுகள் இழுத்தார். வால்வு இருக்கும் இடமெல்லாம் ஒரு கூழாங்கல் வைத்தார். முன்வீதிக் கோடிக்கும் பின்வீதிக் கோடிக்கும் நடுவில் குறுக்காக ஒரு கோடு போட்டார். நாம் திடுக்கிட்டுப் போனோம்.

"அங்கே ஓர் இணைப்பு இருக்கிறதா, ஐயா?"

"இருந்துச்சு" என்றார் பெரியவர். "ரோடு போட்டப்போ அடைச்சுப்புட்டாங்க. அடைச்சது யாருக்கும் ஞாபகமில்லே." காலால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு கூழாங்கல்லை மட்டும் வைத்தார். "வால்வு உள்ளே கெடக்கு. தோண்டினா மூணடி ஆழம் இருக்கும்."

நாம் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டோம்.